எட்டு மணிக் கடல்

வா பிள்ளை, உதிலை இரு. அந்தக் கதிரை வேண்டாம், அதிலை மூண்டு காலைத்தான் நம்பலாம். லப்டொப்பைத் திண்ணையிலை வை. கோழி ஏறினாலும் பறவாயில்லை, உன்ரை கணக்குக்கு அதாலை புதுசாய் ஒரு கேடும் வராது.

நேத்து நீ காட்டின வளையியை நினைச்சு நினைச்சு எனக்கு இரவு நித்திரையே வரேல்லை. என்ன வடிவு! மாவிலித்துறையிலை தடியொண்டு நட்டு, சென்ரிமீற்றர் கோடு கீறி, நாள் தவறாமல் காலமை எட்டு மணிக்குப் போய் வாசிச்சு, கொப்பியிலை எழுதி, அதை அந்த மென்பொருளுக்குள்ளை போட்டிருக்கிறாய். என்ன மென்பொருள் எண்டு கேட்டால் 'ஆர்' எண்டு சொல்லுறாய். ஆர் எண்டு நான் திருப்பிக் கேட்டால் அதேதான் எண்டு சொல்லுறாய். சரி, ஆரோ ஒராள். அவர் உனக்கு ஒரு சைன் வளையி கீறித் தந்திருக்கிறார். புள்ளி ஒவ்வொண்டும் கோட்டை விட்டு விலகாமல் நிக்குது. ஏறி இறங்கித் திரும்ப ஏற 14.8 நாள். பறுவத்துக்கு ஒரு மேடு, அமாவாசைக்கு ஒரு மேடு. "அப்பு, நெடுந்தீவுக் கடல்மட்டம் ரண்டு கிழமைக்கு ஒருக்கா உயருது, நான் நிறுவிப்போட்டன்" எண்டாய். நானும் தலையாட்டினனான். தலையாட்டுறதுக்குக் காசு கேக்கிறேல்லைத்தானே.

இதைக் கொண்டுபோய்க் கம்பஸிலை காட்டு, கை தட்டுவினம். ஆனா திரும்பி வரேக்கை வேலணைப் பக்கம் களங்கண்ணி போடுற ஆக்களுக்குக் காட்டிப்போடாதை. உன்ரை பேர் ஊர்காவற்றுறை மட்டும் போய்த் திரும்பி வரும்.

உன்ரை வளையி பிழையெண்டு நான் சொல்லேல்லை. அது எட்டு மணிக் கடல். அப்பிடி ஒரு கடல் இருக்கு, ஆனா அதிலை வள்ளம் ஓட்டேலாது.

கேள். கடல் ஒரு நாளைக்கு ரண்டு தரம் பெருகி ரண்டு தரம் வத்துது. ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் நடுவிலை 12 மணியும் 25 நிமிசமும். ஏன் சரியா 12 மணி இல்லை? இழுக்கிறது நிலா. பூமி ஒரு சுத்துச் சுத்தி வரேக்கை நிலாவும் கொஞ்சம் முன்னுக்குப் போயிடும், அதை எட்டிப் பிடிக்க இன்னும் 50 நிமிசம் வேணும். ஆனபடியாலை நிலாவின்ரை நாள் 24 மணி 50 நிமிசம். நீயோ 24 மணிக்கு ஒருக்கா, மணி அடிச்ச மாதிரிப் போய் நிக்கிறாய். இண்டைக்கு எட்டு மணிக்குக் கடல் நிறைஞ்சு கிடந்தால், நாளைக்கு அந்த நிறைவு எட்டு ஐம்பதுக்குத்தான் வரும். நீ எட்டுக்கே வாசிச்சுப்போட்டுத் தேத்தண்ணிக்கு ஓடிவாறாய். கொப்பியிலை ஒரு விரல் குறைவு. மற்ற நாள் இன்னும் ஒரு விரல் குறைவு. ஒரு கிழமை போக உன்ரை எட்டு மணிக்குக் கடல் வத்திக் கிடக்கும். இன்னொரு கிழமை போக, திரும்ப நிறைஞ்சு கிடக்கும். 745 நிமிசத்தை 50 ஆலை வகுத்துப் பார், பதினைஞ்சுக்குக் கொஞ்சம் குறைய வரும். உதுதான் உன்ரை 14.8. அந்தப் பதினைஞ்சு நாளுக்குள்ளை கடல் இருபத்தெட்டு, இருபத்தொன்பது தரம் பெருகி வத்திப் போச்சு. நீ கண்டது ஒண்டை மட்டும்.

எட்டு மணிக்கு ஏன் போனனீ எண்டு கேட்டதுக்கு, முகம் கழுவித் தேத்தண்ணி குடிக்க எட்டு மணி ஆகுது எண்டாய். ஆக, பாக்குநீரிணையின்ரை கடல்மட்டத்தை உன்ரை தேத்தண்ணி தீர்மானிச்சிருக்கு.

நான் சொல்லுறதை நம்பாதை. பரிசோதிச்சுப் பார். இன்னொரு பதினைஞ்சு நாள் பின்னேரம் ரண்டு மணிக்குப் போய் அதே தடியை வாசி. அதே ஆரிட்டைக் குடு. அதே 14.8 நாளிலை, அதே வடிவிலை ஒரு வளையி வரும், ஆனா தலைகீழாக. எட்டு மணிக்காரிக்கு மேடாயிருந்த நாளெல்லாம் ரண்டு மணிக்காரிக்குப் பள்ளம். ஒருத்தி பறுவத்துக்குக் கடல் ஏறுது எண்டு கட்டுரை எழுதலாம், மற்றவள் இறங்குது எண்டு எழுதலாம். ரண்டு பேருக்கும் பிழை ஒரே அளவு சின்னனாத்தான் வரும். நீங்கள் ரண்டு பேரும் ஒரு மேடையிலை ஏறி அடிபடுற நாளிலை சொல்லி அனுப்பு, வடதாரகைப் படகிலை முதல் ஆளா ஏறி வாறன்.

நீ விழுந்தது நல்ல பொறியிலை, அதுக்காக உன்னைக் கனக்கக் குறை சொல்லவும் ஏலாது. பறுவத்துக்கும் அமாவாசைக்கும் கடல் கூடப் பெருகும் எண்டு சின்ன வயசிலை நாங்கள்தான் உனக்குச் சொல்லித் தந்தனாங்கள். அது மெய். ஆனா கூடப் பெருகிற கடல் கூட வத்தவும் செய்யும். கூடுறது வீச்சம், நடுமட்டம் அந்த இடத்திலேயே கிடக்கும். அட்டமி நவமியிலை ஏற்றமும் சின்னன், இறக்கமும் சின்னன். அந்தச் சுற்றுக்கு 14.77 நாள். உன்ரை பொய்ச் சுற்றுக்கும் அதே 14.77 நாள். ரண்டும் ஒரே எண்ணாக வந்தது தற்செயல் இல்லை. ரண்டுக்கும் தாய் ஒருத்திதான்: நிலாவின்ரை 12 மணி 25 நிமிசத்துக்கும் சூரியன்ரை 12 மணிக்கும் உள்ள இடைவெளி. நீ சூரியன்ரை மணிக்கூட்டைக் கையிலை கட்டிக்கொண்டு போய் நிலாவை அளந்தனீ. அதாலை, பிழையான வழியாலை போய்ச் சரியான வீட்டு வாசலிலை நிக்கிறாய். வீட்டுக்காரன் இனிக் கேப்பான், நீ ஆர், ஏன் வந்தனீ எண்டு.

சூரியனும் கடலை இழுக்குது. நிலாவளவு இல்லை, அதிலை பாதியும் வராது, ஆனா இழுக்குது, சரியா 12 மணிக்கு ஒருக்கா. உன்ரை கொப்பியிலை அதைக் காட்டு பாப்பம்? காட்ட ஏலாது. ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்கு அது ஒரே நிலையிலைதான் நிக்கும், உனக்கு அது அசையாத கல்லு. எங்கடை தபால்காரன் பத்து மணிக்கு வரேக்கையெல்லாம் நான் இந்தத் திண்ணையிலை படுத்திருக்கிறன். அவன் போய், கிழவன் பிறந்ததிலையிருந்து எழும்பினதே இல்லை எண்டு ஊரிலை சொன்னால் எப்பிடி இருக்கும்? (சொல்லுறான்தான். அது வேறை கதை.)

இதைவிடப் பொல்லாதது ஒண்டு கிடக்கு. 23 மணி 56 நிமிசத்துக்கு ஒருக்கா வாற ஒரு அலை, கடல் கணக்குக்காரர் அதைக் கே ஒன் எண்டு சொல்லுவினம். அது நாளுக்கு நாலு நிமிசம் முந்தும். எட்டு மணிக்கு மட்டும் பாக்கிறவளுக்கு அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரச் சரியா ஒரு வருசம் எடுக்கும். இப்ப யோசிச்சுப் பார். ஒரு வருசம் கஷ்டப்பட்டு அளந்து, சோளகத்திலை கடல் இவ்வளவு, வாடையிலை இவ்வளவு எண்டு நீ எழுதுவாய். அதிலை காற்றும் மழையும் செய்தது எவ்வளவு, அந்த நாலு நிமிசம் செய்தது எவ்வளவு? அந்தக் கொப்பியை வைச்சு உன்ரை ஆரும் சொல்ல மாட்டார், அவரைச் செய்தவையும் சொல்ல மாட்டினம்.

எல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும், எட்டாம் வகுப்போடை நிண்டனீ எண்டு நீ மனசுக்குள்ளை கேக்கிறாய். மூக்கிலை தெரியுது. கடல் எப்ப வத்தும் எண்டு தெரியாமல் இந்தப் பாறைக்கடலிலை வள்ளம் ஓட்டினவன் அடுத்த பெருக்கு வருமட்டும் நடுக்கடலிலை குந்தியிருந்து படிப்பான். மிச்சத்தை ரொறன்ரோவிலை புள்ளிவிபரம் படிக்கிற பேரன் வட்ஸ்அப்பிலை சொல்லுறவன். அவன் சொல்லுறதிலை பாதி விளங்கேல்லை. விளங்கின பாதியைத்தான் உனக்கு இப்ப விக்கிறன்.

ஆகவே முதல் புத்தி: மணிக்கு மணி அள. ராவிலையும் அள. ராவிலை துறையடிக்குப் போகப் பயமெண்டால், தண்ணிக்குள்ளை போட்டு விட்டால் அழுத்தத்தை வைச்சுத் தானாகவே மட்டம் எழுதிற கருவி இருக்காம், கம்பஸிலை கேட்டு வாங்கு. நிலா அலையையும் சூரிய அலையையும் பிரிச்செடுக்கக் குறைஞ்சது 15 நாள் வேணும், ஒரு மாசமெண்டால் நல்லது. நிலாவின்ரை பாதையே சரிஞ்சு நிமிர்ந்து ஆடுற ஆட்டம் ஒண்டு இருக்கு, அதுக்கு 18.6 வருசம். அதையும் அளந்துபோட்டுத்தான் போவன் எண்டு நிண்டால், உன்ரை மகள் வந்து கடைசிப் புள்ளியை வைப்பாள்.

இனி அந்தப் பெட்டிக்குள்ளை நீ செய்த வேலைக்கு வருவம்.

போன கிழமை நீ தலையிலை கைவைச்சுக்கொண்டிருந்தனீ. "அப்பு, சிங்குலர் கிரேடியண்ட் எண்டு திட்டுது." எனக்கு அது ஏதோ பில்லிசூனியம் மாதிரிக் கேட்டுது. பேரனைக் கேட்டன். நீ வீச்சம், ஆவர்த்தன காலம், அவத்தை மூண்டையும் ஒரேயடியாத் தேடித் தா எண்டு என்.எல்.எஸ். எண்ட வேலைக்காரனை அனுப்பியிருக்கிறாய். தொடங்கிற இடம் சொல்லாமல், இல்லாட்டி வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்லி. அவன் இருட்டிலை மலையும் பள்ளமும் தடவிக்கொண்டு போய், கால் வைக்க வழியில்லாத இடத்திலை நிண்டு கத்தினதுதான் அது. சில நேரம் கத்தாமல் ஏதோ ஒரு பொய்ப் பள்ளத்திலை இறங்கி, இதுதான் அடி எண்டு படுத்தும் விடுவான். கத்துறவன் பறவாயில்லை, படுக்கிறவன்தான் ஆபத்து.

ஆவர்த்தன காலத்தை நீ ஏன் பெட்டியைக் கேக்கிறாய்? அதை வானத்தைக் கேள். நிலாவுக்கு 12.4206 மணி, சூரியனுக்கு 12. வானம் சொன்ன எண்ணை அப்பிடியே வைச்சுக்கொண்டால், மிச்சம் சுளுவான வேலை. அவத்தை உள்ளுக்கை ஒளிச்சிருக்கிற ஒரு சைனை, ஒரு சைனும் ஒரு கோசைனுமாப் பிரிச்சு எழுது. ரண்டுக்கும் முன்னாலை ஒவ்வொரு குணகம். இப்ப இது சாதாரண நேர்கோட்டுப் பிற்செலவு, எல்.எம். எண்ட சின்ன வேலைக்காரனே செய்வான், தொடக்கம் கேக்க மாட்டான், கத்தவும் மாட்டான். ரண்டு குணகத்தையும் வர்க்கிச்சுக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வீச்சம். ஒண்டை மற்றதாலை வகுத்துக் கோணம் பிடிச்சால் அவத்தை. நீங்கள் ஏ.எல்.லிலை படிச்ச கணக்குத்தானே, சோதினை முடிய மறக்கவெண்டே படிப்பியளோ?

இன்னொண்டு, அந்த சைனுக்குள்ளை பாகையைப் போடாதை. அது ஆரையனிலைதான் கணக்குப் பாக்கும். 360ஐப் போட்டால் ஒண்டும் சொல்லாமல் ஒரு வளையி கீறித்தரும். மரியாதையான பிள்ளை, வயசுக்கு மூத்த ஆக்களை எதிர்த்துப் பேசாது.

12.4206 எண்டு நாலு தானம் ஏன், 12.4 போதும்தானே எண்டு கேப்பாய். போதும், ஒரு கிழமைக்கு. பேந்து பார். ஒவ்வொரு பெருக்கிலையும் ஒண்டேகால் நிமிசம் பிசகும். ஒரு நிமிசம் பிந்தினால் கடலிலை ஆருக்கு என்ன எண்டு நினைப்பாய். அது கழியிற பிசகில்லை, சேருற பிசகு. முந்நூறு பெருக்கு வரேக்கை ஆறு மணித்தியாலம் சேர்ந்திடும். அதாவது இண்டைக்கு நீ கீறின அட்டவணையை நம்பி ஐஞ்சு மாசம் கழிச்சு ஒருத்தன் வள்ளம் இறக்கினால், நீ பெருக்கு எண்டு எழுதின நேரத்திலை அவன்ரை வள்ளம் பாறையிலை குந்தியிருக்கும். வீச்சத்திலை பிழை விட்டால் ஒரு சாண் கூடக்குறைய வரும், அவ்வளவுதான். காலத்திலை விட்ட பிழை வட்டிக்கு எடுத்த காசு.

இந்த வேலையை உன்ரை ஆர் கண்டுபிடிச்சார் எண்டு நினைக்காதை. ஆர் 1990களிலை நியூசிலாந்தின்ரை ஒக்லாந்திலை ரண்டு ஆக்கள் செய்தது, நேற்றையப் பிள்ளை. கெல்வின் பிரபு 1872இலையே இதுக்கு ஒரு யந்திரம் செய்தவர். ஒவ்வொரு அலைக்கும் ஒவ்வொரு சில்லு, அந்தந்த அலையின்ரை வேகத்திலை சுத்தும். எல்லாச் சில்லுக்கும் மேலாலை ஒரே கம்பி போய் அலைகளைக் கூட்டி, நுனியிலை கடதாசியிலை நாளைய கடலைக் கீறும். 1879இலை இந்தியத் துறைமுகங்களுக்கெண்டே ஒண்டு லண்டனிலை செய்தவை. அந்தக் காலத்திலை இந்திய நில அளவைக்காரர் பாம்பனிலையும் இருந்து கடலை அளந்தவை. எங்கடை இந்தத் தண்ணிதான், அந்தப் பக்கத்துக் கரை. அவையும் எட்டு மணிக்கு மட்டும் போய்ப் பாத்துப்போட்டு வரேல்லை.

அவைக்கும் முந்தி எங்கடை ஆக்கள். வாக்கியப் பஞ்சாங்கம் எண்டு எங்கடை சுவரிலை ஆணியிலை தொங்குதே, அது என்னெண்டு நினைச்சனீ? அதுவும் உன்ரை வேலைதான். நிலாவுக்கு 248 வாக்கியம், வரருசி பேரிலை வழங்கிறது. நிலா பூமிக்குக் கிட்ட வந்து தூரப் போய்த் திரும்பக் கிட்ட வர 27.55 நாள். அப்பிடி ஒன்பது சுற்று முடியிறது 248 நாளிலை. நாளுக்கு ஒரு வாக்கியம், வாக்கியத்தின்ரை எழுத்துக்குள்ளை எண்ணை ஒளிச்சு வைச்சிருக்கினம். மனப்பாடம் பண்ணினவனுக்கு நிலா எங்கை நிக்குது எண்டு வாயிலையே கிடக்கும். சைனும் இல்லை, கோசைனும் இல்லை. அதே வளையியைப் புள்ளி புள்ளியாச் சொல்லாக்கி வைச்சதுதான்.

ஜோன் வாரன் எண்ட ஒருத்தர் 1825இலை மதராசிலை 'காலசங்கலித' எண்டு ஒரு பெரிய புத்தகம் போட்டவர். புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் நிலத்திலை சோழியைப் பரப்பி வைச்சு, மனசிலை கிடந்த வாய்ப்பாட்டை மட்டும் கொண்டு, ஒரு சந்திரகிரகணத்தைக் கணிச்சுக் காட்டினதை அவர் எழுதிவைச்சிருக்கிறார். தொடக்கத்திலை 4 நிமிசம் பிசகு, நடுவிலை 23, முடிவிலை 52. கடதாசி இல்லை, பற்றறி இல்லை, கரண்ட் போனாலும் நிக்காது. உன்ரை லப்டொப் இந்தத் திண்ணையிலை ஒரு மணித்தியாலம் தாங்குமோ?

பெருமை பேசுறன் எண்டு நினையாதை, குத்தவும் வாறன். கொக்குவில் வாக்கியப் பஞ்சாங்கம் புதுவருசம் பிறக்கிற நேரம் ஒண்டு சொல்லும், மட்டுவில் திருக்கணிதம் வேறையொண்டு சொல்லும். உன்ரை ஆச்சி ரண்டுக்கும் மருத்துநீர் வைச்சுத் தலையிலை தேய்ப்பாள். ஏன் ரண்டு? ஒண்டு பழைய எண்ணை விடாமல் வைச்சிருக்கு, மற்றது எண்ணைப் புதுப்பிச்சுக்கொண்டு போகுது. ரண்டும் வளையிதான். உன்ரை 12.4 மாதிரி, எண்ணிலை ஒரு துளி, காலத்திலை ஒரு குடம். அப்ப, நீயும் உன்ரை கட்டுரையைப் போட்டுப்போட்டு, இதுதான் எண்டைக்கும் எண்டு ஆணியிலை தொங்கவிடாதை. பத்து வருசத்துக்கு ஒருக்கா எடுத்துத் தூசு தட்டிப் பார்.

மழைக்கு நீ போட்ட வளையியைப் பற்றிப் பேசாமல் விடுவம் எண்டு நினைச்சனான். மனசு கேக்கேல்லை. யாழ்ப்பாணத்துக்கு வருசத்திலை 1200, 1300 மில்லிமீற்றர் மழை. அதிலை பத்துக்கு ஏழு பங்கு ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் மூண்டு மாசத்துக்குள்ளை கொட்டித் தீர்ந்திடும். மிச்ச மாசமெல்லாம் ஆளையாள் பாத்துக்கொண்டிருக்கிறதுதான். நீ அதுக்குப் பன்னிரண்டு மாசத்துக்கு ஒரு சைனை மாட்டிவிட்டிருக்கிறாய். சைனுக்கு நீதி நியாயம் கூட: நவம்பரிலை எவ்வளவு மேலை போகுதோ, ஆறு மாசம் தள்ளி மே மாசத்திலை அவ்வளவு கீழை போகவேணும். போச்சு. எங்கை போச்சு எண்டு பாத்தனியோ? பூச்சியத்துக்குக் கீழை. வைகாசியிலை மைனஸ் இருபது மில்லிமீற்றர் மழை! நெடுந்தீவிலை அண்டைக்கு நிலத்திலையிருந்து வானத்துக்குப் பெய்யும்போலை கிடக்கு. சாராப்பிட்டிக் கிணத்தை மூடிவைக்கச் சொல்லுவமோ? மெய்யா வரண்டு கிடக்கிற மாசம் ஜூனும் ஜூலையும். மே மாசத்திலை சித்திரை மழையின்ரை வால் கொஞ்சமாவது தூறும். உன்ரை சைனுக்கு அது தெரியாது. அதுக்கு மேட்டுக்கு நேர் எதிரிலை பள்ளம் இருக்கவேணும், அவ்வளவுதான் அதின்ரை அறிவு.

ஒண்டு போதாதெண்டால் ஆறு மாசத்து அலையொண்டைச் சேர். அது சும்மா ஒட்டுப்போடுறது இல்லை, அதுக்கு இஞ்சை காரணம் இருக்கு. எங்கடை தலைக்கு நேரே சூரியன் வருசத்திலை ரண்டு தரம் வருது, ஏப்ரல் நடுவிலை ஒருக்கா, ஆகஸ்ட் கடைசியிலை ஒருக்கா. மழையும் வெக்கையும் ரண்டு தரம் தலை தூக்குறது அதோடை சேர்ந்ததுதான். நாலு மாச அலையும் சேர், மழை ஏன் அவ்வளவு கூரா வந்து குத்துது எண்டதுக்கு அது வேணும். மைனஸ் வராமல் இருக்க மழையை அப்பிடியே போடாமல் மடக்கையைப் போட்டுப் பார்.

ஆனா அதோடை நில். பன்னிரண்டு மாசத்துச் சராசரிக்கு ஆறு அலை வரைக்கும் சேர்த்தியெண்டால், வளையி பன்னிரண்டு புள்ளியையும் தொட்டுக்கொண்டு போகும், பிழை பூச்சியம், மென்பொருள் உன்னைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சும். அந்த வளையி ஒண்டையும் கண்டுபிடிக்கேல்லை, நீ குடுத்த பன்னிரண்டு எண்ணையும் வேறை உடுப்புப் போட்டுத் திருப்பித் தந்திருக்கு. அடுத்த வருசத்து மழை அந்த உடுப்புக்குள்ளை வராது.

இது தற்செயல் இல்லை எண்டு காட்ட ஆர் குத்திவிட்ட நட்சத்திரத்தையும் பாத்தன். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலையும் மூண்டு நட்சத்திரம். நீ கொழும்பு ஹோட்டல் மாதிரி நினைச்சுப் புளுகத்திலை இருக்கிறாய். மணிக்கு மணி அளக்கத் தொடங்கினாய் எண்டால் இன்னும் கொட்டும். ஒன்பது மணிக் கடல் எட்டு மணிக் கடலின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் வரும். ரண்டையும் ரண்டு தனிச் சாட்சி எண்டு கணக்கிலை எடுத்தால், ஒரே குடும்பத்திலை எழுநூறு பேரைக் கோட்டிலை ஏத்தின மாதிரி. நட்சத்திரத்தை விட்டுப்போட்டு மீதியைப் பார். வளையியைக் கழிச்சாப் பிறகு என்ன மிஞ்சுது எண்டு தனியாக் கீறு. அதிலையும் ஏதாவது ஏறி இறங்கினால் நீ ஒரு அலையைத் தவறவிட்டிட்டாய்.

எங்கடை கடலுக்கு அந்த மீதி மெத்தப் பெரிசு. இந்தியாவிலை பவநகர்ப் பக்கம் கடல் பத்து மீற்றருக்கு மேலை ஏறி இறங்கும், அங்கை காற்று ஒரு சாண் தள்ளினால் ஆரும் கவனிக்க மாட்டினம். இஞ்சை ஏற்றமே முழங்காலளவு. சோளகம் ஒரு கிழமை விடாமல் அடிச்சாலே நிலா செய்த வேலையைக் காற்று கலைச்சுப்போடும். மீதியிலை பெரிசா ஒண்டு துருத்திக்கொண்டு நிண்டால், இது கெட்ட புள்ளி எண்டு அழிச்சுப்போடாதை, அண்டைக்கு என்ன காற்று எண்டு கொப்பியிலை பார். 1964 டிசெம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போன கடலும் கணக்கிலை ஒரு மீதிதான். 2004 டிசெம்பர் 26 சுனாமியும் அப்பிடித்தான். வளையிக்குத் திரும்பி வாறவையைத்தான் தெரியும். ஒருக்கா வந்து போனவனை அது கண்டதாகவே சொல்லாது.

கடைசியா ஒண்டு, பேந்து சாப்பிடப் போவம். துறையடியிலை ஆரோ வைச்சிருந்த பழைய கடல்மட்டக் கொப்பி கிடைச்சிருக்கு, அதையும் சேர்த்துப் போடப்போறன் எண்டாய். நல்லது, ஆனா அதிலை எழுதியிருக்கிற மணி எந்த மணி? 1996 மே மாசத்திலை அரசாங்கம் நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முந்த வைச்சது. அதே வருசம் ஒக்டோபரிலை அரை மணித்தியாலம் பிந்த வைச்சது. 2006 ஏப்ரல் புதுவருசத்தோடை மற்ற அரையையும் பிந்த வைச்சுப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தது. பத்து வருசமா ஊரெல்லாம் 'பழைய நேரமோ, புது நேரமோ' எண்டு கேட்டுத்தான் கலியாணத்துக்கே போனது. வன்னிப் பக்கம் மணிக்கூட்டைத் தொடவேயில்லை. கடலும் தொடேல்லை. கவனியாமல் எல்லாத்தையும் ஒண்டாப் போட்டியெண்டால், ஒரு நாள் இரவிலை நிலா அலையின்ரை அவத்தை 29 பாகை துள்ளும், நீ அதைப் பூகம்பம் எண்டு எழுதுவாய்.

ஆரிலை நேரவலயம் எண்ட இடத்திலை ஏசியா கொழும்பு எண்டு குடுத்தால் இந்த மாற்றமெல்லாம் அதுக்குத் தெரியுமாம், பேரன் சொன்னவன். அது கொழும்பு மணிக்கூட்டுக்குச் சரி. கொப்பி எழுதினவர் அரசாங்க நேரத்திலை எழுதினவரோ, இல்லாட்டிக் கோவில் மணிக்கும் பஞ்சாங்கத்துக்கும் ஒத்துவர எண்டு பழைய நேரத்தையே கையிலை கட்டிக்கொண்டு திரிஞ்சவரோ எண்டு ஆருக்கும் தெரியாது. மனுசன் உயிரோடைதான் இருக்கிறார் எண்டாய். பின்னேரம் நயினாதீவுக்குப் போய் அவரையே கேள். போகேக்கை கொஞ்சம் பனங்கட்டி கொண்டுபோ, வெறுங்கையோடை போனால் அவருக்கு ஞாபகம் வராது.